டிரா வேண்டாம் என்ற அந்த அரை நிமிடம்: 2½–1½ என முடிந்த ஒரு செஸ் லீக் போட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில் நடக்கும் அணிகள் லீக். எட்டு அணிகள், ஏழு சுற்றுகள். அதில் ஆடும் ஒரு கிளப்பின் கதை இது. ஒவ்வோர் அணியிலும் நான்கு போர்டுகளும் (போர்டுக்கு ஓர் ஆட்டக்காரர்) ஒரு ரிசர்வும் (மாற்று ஆட்டக்காரர்). போட்டியை வென்றால் 2 புள்ளி, சமமானால் 1. அணிகளின் மொத்தப் புள்ளி சமமாக இருந்தால் தனித்தனி ஆட்டங்களில் எடுத்த போர்டு புள்ளிகளை (வெற்றிக்கு 1, டிராவுக்கு ½) எண்ணுவார்கள். கடைசி இரண்டு இடத்தில் முடிக்கும் அணிகள் கீழ் டிவிஷனுக்குப் போய்விடும்.

நேர அளவு ஆளுக்கு 90 நிமிடம். முதல் நகர்விலிருந்தே ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். 80 நகர்வு போகும் ஆட்டம் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். காலை 10 மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும் என்பதை அணிகள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆறு சுற்று முடிந்தபோது இந்தக் கிளப் 6 புள்ளியோடு ஆறாவது இடத்தில் இருந்தது. ஏழாவது இடத்து அணிக்கு 5 புள்ளிதான். ஆனால் போர்டு புள்ளியில் அந்த அணி 1½ முன்னே நின்றது. கடைசிச் சுற்றில் அந்த அணி ஜெயித்து, கிளப் 2–2 என்று முடித்தால் இரண்டுக்கும் 7 புள்ளி. போர்டு புள்ளி பார்த்தால் கீழே இறங்குவது கிளப்தான். அந்த அணி ஜெயிக்கும் பட்சத்தில், சமநிலைக்கும் தோல்விக்கும் வித்தியாசமே இல்லை.

அணி அமைப்பு

முந்தைய நாள் இரவு மூன்றாம் போர்டு ஆட்டக்காரர் வர இயலாது என்று தெரிந்தது. வீட்டில் ஒரு துக்கம். ஆட்டக்காரர்களின் வரிசையை சீசன் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் மாற்ற முடியாது. ஒருவர் இல்லையென்றால் அவருக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு படி ஏறுவார்கள், ரிசர்வ் கடைசிப் போர்டுக்கு வருவார். ஆகவே நான்காம் போர்டுக்காரர் மூன்றாம் போர்டுக்கு நகர்ந்தார். நான்காம் போர்டில் 13 வயது மாணவி ஒருவர் அமர்ந்தார். அந்த சீசனில் அவருக்கு அது இரண்டாவது ஆட்டம்.

டாஸ் போட்டதில் கிளப்புக்கு 1, 3-ஆம் போர்டுகளில் வெள்ளை. 2, 4-இல் கறுப்பு.

போட்டிக்கு முன் கேப்டன் நால்வரிடமும் ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தார்: எதிராளி டிரா கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள், கையைத் தூக்கி ஆர்பிட்டரை (நடுவரை) அழையுங்கள், அவர் முன்னிலையில் என்னிடம் கேளுங்கள். இரகசிய சைகை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் அது விதிமீறல்.

முதல் இரண்டு முடிவுகள்

மூன்றாம் போர்டு சீக்கிரம் முடிந்தது. எதிராளி கோட்டை கட்டிய ராஜாவுக்கு முன்னால் உள்ள மூன்று சிப்பாய்களில் ஒன்றையும் நகர்த்தாமல் இரண்டு யானைகளையும் ராணிப் பக்கத் தாக்குதலுக்கு அனுப்பிவிட்டார். 27-ஆம் நகர்வில் கடைசி வரிசை மேட்டை (ராஜா தன் கடைசி வரிசையிலேயே சிக்கித் தோற்பதை) தடுக்க ராணியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 11.50-க்கு கிளப் 1–0.

முதல் போர்டில் எதிராளியின் ரேட்டிங் ஏறக்குறைய 200 அதிகம். கிளப் ஆட்டக்காரர் ராணிகள் பலகையில் இருந்த நிலையில் திரும்பத் திரும்ப ஒரே நகர்வுகளுக்கு வந்தார். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம். அது எல்லாருக்கும் தெரியும். எப்படிக் கோருவது என்பதில்தான் இடறினார். மூன்றாம் முறை நிலையை உண்டாக்கும் நகர்வைப் பலகையில் ஆடி, கிளாக்கையும் அழுத்திவிட்டு, பிறகு ஆர்பிட்டரை அழைத்தார். ஆர்பிட்டர் ஏற்கவில்லை. தன் நகர்வால் நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், அந்த நகர்வை முதலில் ஸ்கோர் ஷீட்டில் (நகர்வுகளைக் குறிக்கும் தாளில்) எழுத வேண்டும், காயைத் தொடாமல் ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். எதிராளியின் நகர்வால் நிலை வந்துவிட்டது என்றால், தன் முறை இருக்கும்போதே கோர வேண்டும். கிளாக்கை அழுத்தியதும் முறை எதிராளிக்குப் போய்விடுகிறது.

எதிராளி வேறு நகர்வு ஆடியிருக்கலாம். ஆனால் விலகினால் ஒரு சிப்பாய் போகும் என்பதால் அவரும் திரும்பி வந்தார். இந்த முறை கிளப் ஆட்டக்காரர் தன் முறையிலேயே கோரி டிரா வாங்கினார். 12.25-க்கு 1½–½. இது அதிர்ஷ்டம், திட்டத்தில் சேர்க்கக் கூடாது.

1.10 மணி: நான்காம் போர்டில் டிரா கேள்வி

இந்தப் போட்டியில் பேச வேண்டிய இடம் இதுதான்.

நான்காம் போர்டில் மாணவியிடம் ராஜா, கறுப்புக் கட்ட பிஷப் (கறுப்புக் கட்டங்களில் மட்டுமே நகரும்), ஜி5, எச்5 சிப்பாய்கள் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). வெள்ளையிடம் ராஜா, குதிரை, எச் சிப்பாய் ஒன்று. மாணவிக்கு 23 நிமிடம் மீதி, எதிராளிக்கு 19. 52-ஆம் நகர்வில் வெள்ளை எச்3-லிருந்து எச்4-க்கு சிப்பாயைத் தள்ளி, கிளாக்கை அழுத்தும் முன் டிரா கேட்டார். முறைப்படி சரியான நேரம் அதுதான்: நகர்த்திய பின், அழுத்தும் முன்.

நகர்வும் கேள்வியும் சேர்ந்து வந்ததில் ஒரு கண்ணி இருந்தது. ஜி5 சிப்பாயால் எச்4-ஐ வெட்டினால் கறுப்பிடம் மிஞ்சுவது எச் வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சிப்பாய்கள். அவை ராணியாக வேண்டிய கட்டம் எச்1. அது வெள்ளைக் கட்டம்; கறுப்புக் கட்ட பிஷப் அங்கே எட்டாது. வெள்ளை ராஜா அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால், குதிரையே இல்லாவிட்டாலும் டிரா. வெட்டாமல் சும்மா இருந்தால் வெள்ளை ஜி5-ஐ வெட்டும். திரும்ப வெட்டினாலும் மிஞ்சுவது அதே தவறான மூலைச் சிப்பாய். ஜி சிப்பாயைக் காப்பாற்ற இருந்த ஒரே வழி அதை ஜி4-க்குத் தள்ளுவது.

அதே நேரம் இரண்டாம் போர்டில் கிளப் ஆட்டக்காரர் யானை எண்ட்கேமில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) ஒரு சிப்பாய் குறைவாக, 4 நிமிடத்தோடு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். பாடப்புத்தகப்படி டிரா நிலை. ஆனால் நான்கு நிமிடத்தில் பாடப்புத்தகம் நினைவுக்கு வருமா என்பது வேறு கேள்வி.

எல்லாப் போட்டிகளும் ஒரே ஹாலில் என்பதால் ஏழாவது இடத்து அணியின் பலகைகளையும் கேப்டன் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த அணி 2–0 முன்னிலையில் இருந்தது.

மாணவி கையைத் தூக்கினார். ஆர்பிட்டர் வந்தார். "சார், டிரா கேக்குறாங்க" என்று மாணவி கேப்டனிடம் சொன்னார். கேப்டன் அரை நிமிடம் எடுத்துக்கொண்டு, "வேண்டாம்மா. டைம் இருக்கு, ஆடு" என்றார்.

ஏன் அந்த முடிவு

போட்டிக்குப் பிறகு கேப்டன் எழுதிக் கொடுத்த கணக்கு இது.

டிராவை ஏற்றால் கிளப்புக்கு 2 போர்டு புள்ளி உறுதி. வெற்றிக்கு இன்னும் அரைப் புள்ளி வேண்டும். அது முழுக்க இரண்டாம் போர்டின் தலையில். அங்கே தோற்றால் 2–2, கீழ் டிவிஷன்.

ஏற்காவிட்டால் இரண்டு வழி திறந்திருக்கும். இரண்டாம் போர்டு டிரா ஆகிவிட்டால், மாணவி அதன் பிறகு தானே டிரா கேட்கலாம். எதிராளி மறுத்தாலும், குதிரையும் ஒரு சிப்பாயும் மட்டும் வைத்திருப்பவரிடம் தோற்பது கடினம். இரண்டாம் போர்டு தோற்றால் மாணவியின் ஆட்டம் மிச்சமிருக்கும். இழப்பு ஏற்பட ஒரே வழி, மாணவி தன் நிலையைத் தோல்வியாக மாற்றிக்கொள்வது. பிஷப்பைக் கவனக்குறைவாகக் கொடுத்தால் நடக்கும், மற்றபடி நடக்காது.

அதாவது கேட்கப்பட்ட போர்டு நல்ல நிலையா என்று அவர் பார்க்கவில்லை. மீதமுள்ள இரண்டு போர்டுகளில் எதில் ஆபத்து குறைவு, எதை முதலில் மூடக் கூடாது என்று பார்த்தார். பாதுகாப்பான போர்டைக் கடைசி வரை திறந்து வைப்பது; தள்ளாடிக்கொண்டிருக்கும் போர்டு முதலில் முடியட்டும். பல கேப்டன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பாதுகாப்பான அரைப் புள்ளியை முதலில் பையில் போட்டுக்கொண்டு, ஆபத்தான போர்டின் பக்கத்தில் நின்று நகம் கடிப்பார்கள்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் 10-ஆம் சுற்றில் இந்தியா பி அணிக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே முதல் போர்டில் இந்தியா பி-யின் ஜெயிக்கும் நிலை கைநழுவித் தோல்வியாகி, போட்டி 2–2 என முடிந்தது. உஸ்பெகிஸ்தான் தங்கமும் இந்தியா பி வெண்கலமும் பெற்றன. நல்ல நிலையில் தொடர்ந்து ஆடுவதில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே பலகையில் காய்கள் நிறைய, நேரம் குறைவு. இங்கே மொத்தம் ஏழு காய்கள், 23 நிமிடம். இந்த வேறுபாடு இல்லாமல் கேப்டனின் கணக்கு நிற்காது.

கேப்டன் சொன்னதில் ஒரு பிழை

எதிரணி கேப்டன் உடனே எழுந்தார். "டைம் இருக்கு" என்றது ஆலோசனை என்பது அவர் புகார். புகார் நியாயமானது. ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதிப்படி அணித் தலைவர் டிரா கேட்கவோ ஏற்கவோ தோல்வியை ஒப்புக்கொள்ளவோ சொல்லலாம். ஆனால் போட்டி நிலவரத்தை மட்டும் வைத்துச் சுருக்கமாக. ஆட்டக்காரர் கேட்டால் "சரி", "வேண்டாம்", "உன் விருப்பம்" என்ற மூன்றுக்குள் நிற்க வேண்டும். பலகையைப் பற்றியோ கிளாக்கைப் பற்றியோ பேச இடமில்லை.

ஆர்பிட்டர் கேப்டனை எச்சரித்தார். ஆட்டம் தொடர்ந்தது. கிளாக் மாணவியின் கண் முன்னே இருந்ததால் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை என்பதை ஆர்பிட்டர் கருதியிருக்கலாம். எல்லா ஆர்பிட்டரும் அப்படிக் கருதுவார்கள் என்று நம்பக் கூடாது.

இரண்டாம் போர்டு: டிரா நிலை எப்படிப் போனது

கறுப்பு ராஜா டி8-இல். வெள்ளைச் சிப்பாய் டி5-இல், வெள்ளை ராஜா இ5-இல், இரு பக்கமும் ஒவ்வொரு யானை. இதற்குப் பெயர் ஃபிலிடோர் நிலை. தற்காப்பவரின் யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில், அதாவது 6-ஆம் வரிசையில் நிற்க வேண்டும். அது நிற்கும் வரை வெள்ளை ராஜா முன்னேற முடியாது. யானையை அந்த வரிசையிலேயே இங்குமங்கும் நகர்த்திக்கொண்டிருந்தால் போதும். பொறுமை இழந்து வெள்ளை சிப்பாயை டி6-க்குத் தள்ளிய பிறகுதான் யானை கீழே 1-ஆம் வரிசைக்கு இறங்கி, பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். அப்போது சிப்பாய் டி6-இல் இருப்பதால் வெள்ளை ராஜா ஒளிய அங்கே இடம் இருக்காது.

கிளப் ஆட்டக்காரர் இந்த இரண்டாம் படியை முதலில் செய்தார். சிப்பாய் இன்னும் டி5-இல் இருக்கும்போதே யானையைக் கீழே இறக்கினார். வெள்ளை ராஜா டி6-க்கு வந்தது; கடைசி வரிசையில் மேட் பயமுறுத்தல். இங்கும் ஆட்டம் போய்விடவில்லை. ராஜாவை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்பதுதான் கேள்வி. டி சிப்பாய்க்கு ஒரு பக்கம் ஏ, பி, சி என மூன்று வரிசைகள். இன்னொரு பக்கம் இ முதல் எச் வரை நான்கு. ராஜா குட்டைப் பக்கமான சி8-க்குப் போக வேண்டும். யானை நீண்ட பக்கத்து எச் வரிசைக்குப் போய் பக்கவாட்டில் செக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து சிப்பாய்க்கு இடையே மூன்று வரிசை இடைவெளி கிடைக்கும். வெள்ளை ராஜா யானையை நெருங்கித் துரத்தினால் சிப்பாயை விட்டுவிட வேண்டியிருக்கும். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது அவர் இ8-க்குப் போனார். நீண்ட பக்கத்தை ராஜாவே அடைத்துக்கொண்டது. ஏ வரிசையிலிருந்து செக் கொடுத்தால் இடைவெளி இரண்டே வரிசை. போதாது.

பிறகு வெள்ளை ராஜா சிப்பாய்க்கு முன்னால் கடைசி வரிசை வரை போய், யானையை நான்காவது வரிசைக்குக் கொண்டுவந்து செக்குகளை மறித்து, பாலம் கட்டி ஜெயித்தது. 1.35-க்கு 1½–1½.

கடைசிப் போர்டு

ஹாலில் அந்த ஒரு பலகையைச் சுற்றி ஆள் கூடியது. ஆர்பிட்டர் எல்லாரையும் ஆறடி தள்ளி நிற்க வைத்தார். கேப்டன் கதவருகே போய் நின்றுகொண்டார். மாணவியின் கண்ணில் படும் இடத்தில் நிற்கவில்லை. எச்சரிக்கைக்குப் பிறகு அது சரியான முடிவு.

மாணவி ஜி4 தள்ளியிருந்தார். ஜி4-உம் எச்5-உம் வெள்ளைக் கட்டங்கள். அவற்றைத் தாக்க குதிரை எங்கே நின்றாலும் கறுப்புக் கட்டத்தில்தான் நிற்க வேண்டும்: எச்5-க்கு எஃப்4, எஃப்6, ஜி3, ஜி7, ஜி4-க்கு இ3, இ5, எஃப்2, எஃப்6, எச்2, எச்6. அத்தனையும் பிஷப்பின் கட்டங்கள். சிப்பாய்களை பிஷப்புக்கு எதிர் நிறத்தில் நிறுத்தியதால் பிஷப் அவற்றுக்குக் காவல் காக்கவில்லை. குதிரை வரும் வழிகளைக் காத்தது. ஒற்றையாக நின்ற எச்4-உம் கறுப்புக் கட்டம். அதைக் காக்க வெள்ளை ராஜா கட்டுண்டது. கறுப்பு ராஜா இறங்கி வர, 61-ஆம் நகர்வில் எச்4 விழுந்தது.

இங்கே அவசரப்பட்டால் மறுபடியும் டிரா. வெள்ளைக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை, குதிரையைக் கொடுத்தாவது ஜி சிப்பாயை எடுத்துவிடுவது. ஜி4-இல் குதிரை விழுந்தால் எச்5 சிப்பாயால் வெட்டலாம். மிஞ்சுவது ஜி சிப்பாய், வெற்றி. ஆனால் எச் சிப்பாயை எச்4-க்கு நகர்த்திவிட்டால் ஜி4-க்கு அந்தக் காவல் போய்விடும். ராஜாவோ பிஷப்போ வெட்ட நேர்ந்து தவறான மூலைச் சிப்பாய் மட்டும் மிஞ்சும். ஜி3-க்குச் சீக்கிரம் தள்ளினாலும் அங்கே குதிரை விழுந்து அதே கதை. ஆகவே சிப்பாய்கள் இரண்டையும் தொடாமல் முதலில் குதிரையை முடக்க வேண்டும்.

மாணவி அதைத்தான் செய்தார். சிப்பாய்கள் பன்னிரண்டு நகர்வுக்கு அசையவில்லை. ராஜா எஃப்4-க்கு வந்தது. துரத்தப்பட்ட குதிரை டி1-க்கு ஒதுங்கியபோது பிஷப் டி4-க்கு வந்தது. டி1-லிருந்து குதிரை போகக்கூடிய பி2, சி3, இ3, எஃப்2 நான்கும் பிஷப்பின் பார்வையில். குதிரைக்கும் பிஷப்புக்கும் நேர்க்கோட்டில் மூன்று கட்டம் இருக்கும்போது வரும் இந்த முடக்கம் பழைய பாடம். நேரில் வரும்போது கண்டுகொள்வதுதான் பயிற்சி. குதிரை எஃப்2-க்கு வந்து ராஜாவின் துணை இருந்தாலும், பிஷப் வெட்டி ராஜா வெட்டியபின் இரண்டு சேர்ந்த சிப்பாய்களை வெள்ளை ராஜா தனியாகத் தடுக்க முடியாது.

வெள்ளை ராஜா விலக வேண்டியதாயிற்று. 78-ஆம் நகர்வில் எதிராளி கை கொடுத்தார். மணி 2.

முடிவு

கிளப் 2½–1½. மொத்தம் 8 புள்ளி. ஏழாவது இடத்து அணி தன் போட்டியை 3–1 என்று வென்று 7 புள்ளி எடுத்தது. 1.10-க்கு டிராவை ஏற்றிருந்தால், இரண்டாம் போர்டு போன வழியில் போயிருந்தால், கிளப் அடுத்த சீசன் கீழ் டிவிஷனில் ஆடியிருக்கும்.

அடுத்த சீசனுக்கு மாற்றியவை

டிரா கேள்விக்கு கேப்டனின் பதில் இனி ஒரே சொல். மூன்று சொற்களில் ஒன்று. அதற்கு மேல் "ம்மா" கூட வேண்டாம் என்று கிளப்பில் கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கேப்டன் ஒரு தாளில் நான்கு போர்டுகளின் நிலை, மீதி நேரம், "இப்போது டிரா கேட்டால் என் பதில்" என்று எழுதி வைத்துக்கொள்கிறார். அரை நிமிடத்தில் போட்ட கணக்கு இந்த முறை சரியாக வந்தது. கால் மணி முன்பே போட்டிருந்தால் வார்த்தை தவறியிருக்காது.

மூன்று முறை நிலை கோருவதை எல்லாரும் கையால் செய்து பார்த்தார்கள்: பேனாவை எடு, எழுது, காயைத் தொடாதே, ஆர்பிட்டரை அழை. கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஃபிலிடோர் நிலையை வாரம் ஒருமுறை கிளாக்கில் இரண்டு நிமிடமும் 30 விநாடி கூடுதலும் வைத்து ஆடுகிறார்கள், இரு பக்கமும் மாறி மாறி. நேரம் தாராளமாக இருக்கும்போது அந்த ஆட்டக்காரருக்கு அது தெரியாமல் இல்லை. அவருடைய ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால், உண்மையான தவறு 20-இலிருந்து 30-ஆம் நகர்வுக்குள் 50 நிமிடம் செலவழித்ததுதான். அதற்கு இன்னும் சரியான மருந்து கிடைக்கவில்லை. 30-ஆம் நகர்வில் குறைந்தது 35 நிமிடம் மீதி என்று ஓர் எல்லை வைத்துப் பார்க்கிறார்கள்.

வாழைப்பழமும் மோரும் இப்போது அணிப் பையில் போகின்றன. 12.30-க்கு எழுந்து வெளியே போய்க் குடித்துவிட்டு வர வேண்டும், பலகையில் வைத்துக் குடிக்கக் கூடாது.